கப்பல் சாப்பாடு முன்புபோல் இல்லையா?

குரூஸ் கப்பல்களில் பல ஆண்டுகளாகப் பயணம் செய்து பழகிய இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால், சூப் கிண்ணம் காலியாவதற்குள் பேச்சு சாப்பாட்டின் தரத்திற்கு வந்துவிடும். "முன்பெல்லாம்..." என்று ஒருவர் தொடங்குவார், மற்றவர் மிச்சத்தைச் சொல்லி முடிப்பார். அதே மேசையில் முதல்முறையாகக் கப்பலேறிய குடும்பம் ஒன்று இருந்தால், அவர்கள் இந்தப் புலம்பலைக் கேட்டுத் திகைத்துப் போவார்கள். அவர்களைப் பொறுத்தவரை மூன்று வேளையும் சமைக்காமல், பாத்திரம் கழுவாமல், விலைப்பட்டியல் பார்க்காமல் சாப்பிடக் கிடைப்பதே பெரும் பேறு. ஒரே இரவில், ஒரே சமையலறையிலிருந்து வந்த உணவைப் பற்றி இப்படி நேர் எதிரான இரண்டு தீர்ப்புகளைப் பலமுறை கேட்ட பிறகு, இவற்றில் எது உண்மை என்ற கேள்வி என்னை விடவில்லை. பயணிகளின் கருத்துகளைக் கேட்டும் படித்தும், கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டியும் பார்த்ததில் எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன். சாப்பாட்டுக்கான செலவை நிறுவனங்கள் வெட்டிவிட்டன என்ற பரவலான குற்றச்சாட்டு சரியல்ல என்பதே என் முடிவு. ஆனால் அந்தப் பணம் கப்பலுக்குள் இடம் மாறியிருக்கிறது. பழைய பயணிகள் வழக்கமாக உட்காரும் இடத்தில் அது இப்போது குறைவாகவே வந்து சேர்கிறது.

அவர்கள் எதை நினைத்து ஏங்குகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1990-களில் பெரும்பாலான கப்பல்களில் இரவு உணவு என்றால் பிரதான உணவுக்கூடம் ஒன்றுதான். மாலையில் ஒரு பந்தி, இரவு எட்டரையை ஒட்டி இன்னொரு பந்தி என்று நேரம் குறிக்கப்பட்டிருக்கும். பயணம் முடியும்வரை அதே மேசை, அதே பரிமாறுபவர், அதே சக பயணிகள். பல கட்டங்களாக உணவு வரும். கடைசிக்கு முந்தைய இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, பரிமாறுபவர்கள் பேக்ட் அலாஸ்கா எனும் ஐஸ்கிரீம் கேக் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக வருவார்கள். நள்ளிரவு பஃபேயில் பனிக்கட்டியில் செதுக்கிய அன்னமும், தர்பூசணியில் வெட்டிய பூக்களும் வரிசையாக நிற்க, சாப்பிடுவதற்கு முன் மக்கள் அவற்றைப் படம் எடுக்கச் சுற்றி வருவார்கள். இந்த நள்ளிரவு விருந்து பெரும்பாலான கப்பல்களில் இன்று இல்லை. அதைக் குறித்து நான் பெரிதாக வருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறைவான இரவு உணவு முடித்து மூன்று மணி நேரம்கூட ஆகாதவர்களுக்காக அடுக்கப்பட்ட அந்த உணவில் கணிசமான பங்கு காட்சிப் பொருளாகவே இருந்து வீணாகத்தான் போனது.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கூடுதல் உணவகம் என்ற எண்ணத்திற்கு 1990-இல் வந்த கிரிஸ்டல் ஹார்மனி போன்ற கப்பல்கள் பெயர் சேர்த்தன. 2000-இல் நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் குறித்த நேரமும் குறித்த மேசையும் இல்லாத 'ஃப்ரீஸ்டைல்' முறையைக் கொண்டுவந்தது. விரும்பிய நேரத்தில், விரும்பிய இடத்தில் சாப்பிடலாம் என்பது அதன் வாக்குறுதி. பயணிகளில் பெரும்பகுதியினர் அதை வரவேற்றார்கள், மற்ற நிறுவனங்களும் தத்தம் வழியில் பின்பற்றின. பல இடங்களில் சாப்பிடலாம் என்று ஆனபின், அவற்றுள் சில இடங்களுக்குத் தனிக் கட்டணம் என்பதும் வழக்கமாயிற்று. ஸ்டீக் உணவகம், இத்தாலிய உணவகம், ஜப்பானிய உணவகம் என்று பட்டியல் நீண்டது. 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் சாப்பிடவும் குடிக்கவும் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை என்பதையும், எல்லாவற்றிலும் பேர் போனவை பெரும்பாலும் கட்டணமுள்ளவையே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் சிறு சிறு பிடித்தங்களும் வந்தன. அறைக்கு உணவு வரவழைப்பதற்கு நார்வீஜியன் 2015-இலும், ராயல் கரீபியன் 2017-இலும் 7.95 டாலர் கட்டணம் வைத்தன. அதுவரை நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் போன்ற சில வேளைகளைத் தவிர அது இலவசமாகவே இருந்தது. பெருந்தொற்றுக்குப் பின் கார்னிவல் கப்பல்களின் பிரதான உணவுக்கூடத்தில் முதன்மை உணவு இரண்டுக்கு மேல் கேட்டால், மூன்றாவதற்கு 5 டாலர் என்றானது. ராயல் கரீபியன் 2023-இன் தொடக்கத்தில் பிரதான உணவுக்கூடத்தின் மெனுவை மாற்றியது. இத்தாலி, பிரான்ஸ், மெக்சிகோ என்று இரவுக்கொரு கருப்பொருள் வந்தது, ஒவ்வோர் இரவும் தவறாமல் கிடைத்துவந்த பழகிய உணவுகளின் பகுதி போயிற்று, மொத்தத்தில் தேர்வுகள் குறைந்தன. பரிமாறுதல் விரைவாகும் என்று நிறுவனம் காரணம் சொன்னது. விரைவானது உண்மை. ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகளோடு நிகழ்ச்சிக்கு ஓட வேண்டியவர்கள் மகிழ்ந்தார்கள். இரண்டு மணி நேர இரவு உணவையே அன்றைய மாலையின் நிகழ்ச்சியாகக் கருதியவர்கள், தங்களை எழுந்து போகச் சொல்வதாக உணர்ந்தார்கள். தரம் குறைந்துவிட்டது என்று எழுதப்படும் கருத்துகளில் எத்தனை உண்மையில் இந்த அவசரத்தைப் பற்றியவை என்று கவனித்துப் படித்தால் தெரியும். "தட்டை வைத்த கையோடு எடுத்துப் போனார்கள்" என்பது சுவை பற்றிய புகார் இல்லையே.

இனி கணக்குக்கு வருகிறேன். பங்குச் சந்தையில் இருக்கும் கப்பல் நிறுவனங்கள் உணவுப் பொருளுக்கு ஆன செலவை ஆண்டறிக்கையில் தனி வரியாகவே காட்டுகின்றன. ராயல் கரீபியன் குழுமம் 2019-இல் உணவுக்காக ஏறத்தாழ 58.4 கோடி டாலர் செலவிட்டது. அந்த ஆண்டில் அதன் கப்பல்களில் பயணிகள் கழித்த நாட்களைத் தலைக்கு ஒன்றாகக் கூட்டினால் ஏறத்தாழ 4.48 கோடி வரும். வகுத்துப் பார்த்தால் ஒரு பயணிக்கு ஒரு நாளுக்கு 13 டாலர். 2023-இல் செலவு ஏறத்தாழ 82 கோடி டாலராகவும், பயணி நாட்கள் 4.95 கோடியாகவும் உயர்ந்தன. தலைக்கு ஒரு நாளுக்கு 16.50 டாலர். இதே நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவில் உணவு விலைகள் 25 விழுக்காடு ஏறின. 13 டாலரோடு அந்த ஏற்றத்தைச் சேர்த்தால் 16.25 டாலர். அதாவது 2019-இல் வாங்கிய அளவு உணவைத்தான் 2023-இலும் வாங்கியிருக்கிறார்கள். விலைவாசியைக் கழித்துவிட்டால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இந்தத் தொகையைப் பார்த்ததும் இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஒன்று, தொகை எவ்வளவு சிறியது என்பது. காலை, மதியம், மாலை, இரவு, நடுவில் ஐஸ்கிரீம், பீட்சா எல்லாம் சேர்த்து இவ்வளவுதான். அதிலும் கப்பல் பணியாளர்கள் சாப்பிடும் உணவும் இதே வரியில் அடக்கம். சமையல்காரர்களின் சம்பளம் வேறு தலைப்பில் வருவதாலும், மொத்தக் கொள்முதல் விலை சில்லறை விலையைவிட மிகக் குறைவு என்பதாலும் இது நடக்கிறது என்றாலும், இந்தத் தொகைக்குள் தினமும் உயர்ந்த ரக மாட்டிறைச்சியும் லாப்ஸ்டரும் எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. இரண்டாவதே முக்கியம். இந்த 16.50 டாலர் கப்பல் முழுவதற்குமான சராசரி. கட்டண உணவகத்தில் வெட்டப்படும் தடித்த ஸ்டீக்கும் இதற்குள்தான் வருகிறது. கட்டண உணவகங்கள் கூடக் கூட, அங்கு பரிமாறப்படும் விலையுயர்ந்த பொருளின் பங்கும் கூடும். மொத்தம் மாறாமல் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கத்தானே வேண்டும்? பிரதான உணவுக்கூடத்துக்கு மட்டும் எவ்வளவு என்று எந்த நிறுவனமும் பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே இது என் ஊகமே. ஆனால் பயணிகள் சொல்வதோடு பொருந்தும் ஊகம்: "பிரதான உணவுக்கூடம் இறங்கிவிட்டது, கட்டண உணவகம் அருமை" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்பவர்கள் ஏராளம்.

பெருந்தொற்றுக் காலக் கடனையும் இங்கே மறக்க முடியாது. 2020 மார்ச்சில் நின்றுபோன கப்பல்கள், அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து மீண்டும் பயணிகளோடு புறப்பட 2021 கோடைகாலம் ஆகிவிட்டது. அதுவரை வருமானம் இல்லாமல் நங்கூரமிட்டு நின்றவற்றைக் காப்பாற்ற வாங்கிய கடன், கார்னிவல் குழுமத்தில் மட்டும் உச்சத்தில் 3,500 கோடி டாலரைத் தாண்டியது. இதைக் கட்ட வேண்டியவர்கள் பயணச்சீட்டு விலையைச் சட்டென்று ஏற்றினால் கூட்டம் குறையும் என்று அஞ்சுவார்கள். கப்பலேறியபின் செலவிட வைப்பது அதைவிட எளிது. பானங்கள், இணையம், கரையோரச் சுற்றுலா ஆகியவற்றோடு இரவு உணவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

ஆனால் பணம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. கப்பலின் அளவும் ஒரு காரணம். 1988-இல் சாவரின் ஆஃப் த சீஸ் வந்தபோது உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல் அதுதான். அறைக்கு இருவர் என்ற கணக்கில் ஏறத்தாழ 2,250 பேரை ஏற்றியது. ஐகான் ஆஃப் த சீஸில் அதே கணக்கில் 5,610 பேர். எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 7,600 பேர். இத்தனை பேருக்குச் சமைப்பது என்றால் என்ன என்பதை, கடலில் கழியும் நாளொன்றில் சில கப்பல்கள் நடத்தும் சமையலறைச் சுற்றில் பார்க்கலாம். நான் பார்த்தது துருப்பிடிக்காத எஃகால் ஆன நீண்ட நடைகூடம் போன்ற இடம். சூடான உணவு கொடுக்கும் மேடைக்கு மேலே, அன்றைய ஒவ்வோர் உணவும் தட்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்டும் வண்ணப் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன: இறைச்சித் துண்டு எந்தப் பக்கம், கேரட் எத்தனை, சாஸ் எங்கே. பரிமாறுபவர்கள் மூடியிட்ட தட்டுகளை நீள்வட்டத் தாம்பாளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு, மேல்தளத்து உணவுக்கூடத்திற்கு நகரும் படிக்கட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசித் தட்டு அடுக்கப்படும்வரை முதல் தட்டு காத்திருக்கிறது. பிறகு மேசையில் எட்டுப் பேருக்கும் வரிசையாக வைக்கப்படுகிறது. "ஸ்டீக் ஆறிப்போய் வந்தது" என்ற புகாரின் முழுக் கதையும் அந்தத் தாம்பாளத்தில் இருக்கிறது.

அதைப் பார்த்தபின் கப்பலில் எதைக் கேட்டு வாங்குவது என்பதில் என் வழக்கம் மாறியது. பெரிய அளவில் சமைத்தால் கெடாத உணவுகள் உண்டு. சில, பெரிய அண்டாவில் நின்று வேகும்போதே மேலும் சுவை ஏறும். சூப்புகள், மெதுவாக வேகவைத்த இறைச்சி, குழம்பு வகைகள், கப்பலிலேயே இரவோடு இரவாகச் சுடப்படும் ரொட்டி ஆகியவற்றைப் பற்றி எவரும் அதிகம் குறை சொல்வதில்லை. எனக்கும் அவை பெரும்பாலும் ஏமாற்றம் தந்ததில்லை. நொடிக் கணக்கில் அடுப்பிலிருந்து இறக்க வேண்டிய மீன், ஸ்டீக், பாஸ்தா, முட்டை ஆகியவைதான் அடி வாங்குகின்றன. முட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதித்து, நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே போனால் தேறவில்லை என்று பொருள். சூடாக வைக்கப்படும் உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பன போன்ற விதிகளை அது வைத்திருக்கிறது. பஃபேயில் 57 டிகிரிக்கு மேல் வெகுநேரம் காத்திருக்கும் முட்டைப் பொரியல் இறுகி, நீர்விட்டுப் போவது சமையல்காரரின் அலட்சியத்தால் அல்ல. அதே பஃபேயின் ஓரத்தில் ஆம்லெட் போட்டுத் தரும் ஊழியர் முன் வரிசையில் நிற்பவர்களுக்கு வேறு முட்டை கிடைக்கிறது. ஆயிரக்கணக்கானோர் தொடும் இடத்தில் வயிற்றுப்போக்கு பரவாமல் இருக்கிறதென்றால் அதற்கு இந்த விதிகளும் காரணம். சுவையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு மனத்தடை இல்லை.

மேம்பட்டவற்றைப் பற்றிப் பழைய பயணிகள் வாய் திறப்பதில்லை என்பது என் வருத்தம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சைவ உணவோ, குளூட்டன் இல்லாத உணவோ வேண்டும் என்றவர்கள் பெரும்பாலும் வேகவைத்த காய்கறித் தட்டோடு திருப்தி அடைய வேண்டியிருந்தது. இன்று மெனுவிலேயே அவற்றுக்குக் குறியீடு இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவரிடம் மறுநாள் உணவை முந்தைய இரவே கேட்டுக் குறித்துக்கொள்ளும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. குழந்தையின் உயிருக்கே ஆபத்தான வேர்க்கடலை ஒவ்வாமையோடு பயணம் செய்யும் பெற்றோரிடம் தரம் என்றால் என்ன என்று கேட்டால், பேக்ட் அலாஸ்கா ஊர்வலம் அவர்கள் பதிலில் வராது. கட்டணமில்லாத விரைவு உணவிலும் முன்னேற்றம் தெரிகிறது. 2011 முதல் கார்னிவல் கப்பல்களில் வந்த, அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல் நட்சத்திரம் காய் ஃபியேரியின் பெயர் தாங்கிய பர்கர் கடைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. கப்பலின் மற்ற உணவை எல்லாம் குறை சொல்பவர்கள்கூட அந்த வரிசையில் நிற்பார்கள்.

எல்லா நிறுவனங்களையும் ஒரே தராசில் வைப்பதும் தவறு. ஓஷியானியா போன்ற நிறுவனங்கள் சாப்பாட்டையே தங்கள் முதல் அடையாளமாக விளம்பரப்படுத்துகின்றன. அங்கே சிறப்பு உணவகங்களுக்கும் தனிக் கட்டணம் இல்லை, ஆனால் பயணச்சீட்டிலேயே அந்தப் பணம் இருக்கிறது. பெருங்கூட்டத்தை ஏற்றும் கப்பலின் பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு அந்தத் தரத்தை எதிர்பார்ப்பவர்களின் கருத்தை நான் பாதி மதிப்புக்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்று நாள் பயணத்தில் சென்றவரின் தீர்ப்பையும் அப்படித்தான். குறுகிய பயணங்களின் மெனு நீண்ட பயணங்களுடையது போல இருப்பதில்லை. எந்தக் கப்பல், எந்த மாதம், எத்தனை நாள், பிரதான உணவுக்கூடமா பஃபேயா, பொழுதோடா இரவிலா, என்ன சாப்பிட்டார் என்பவற்றைச் சொல்லும் கருத்தே பயன்படும் கருத்து. ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில், ஒரே மெனு அட்டையிலிருந்து வந்த ஒரே உணவு வேறு வேறாக இருக்கக் கண்டிருக்கிறேன். தலைமைச் சமையல்காரர் ஒப்பந்தம் முடிந்து இறங்கிப் போனால், அதே கப்பலிலேயே அடுத்த மாதம் மாறிவிடும்.

வீணாவதைக் குறைப்பது என்ற காரணத்தைப் பயணிகள் பெரும்பாலும் நம்புவதில்லை. சிக்கனத்திற்கு நிறுவனங்கள் போர்த்தும் போர்வை என்கிறார்கள். என்னால் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. 2019-ஐ அடிப்படையாக வைத்து, 2030-க்குள் தலைக்கு வீணாகும் உணவைப் பாதியாக்குவதாக கார்னிவல் குழுமம் இலக்கு வைத்து, அதை நோக்கி வெகுதூரம் வந்திருக்கிறது. தட்டின் அளவும் பரிமாறும் அளவும் குறைவது அந்த இலக்கிற்கும் உதவும், செலவுக்கும் உதவும். இரண்டும் ஒன்றாகவே நடப்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. மூன்றாவது முதன்மை உணவைக் கேட்டு வாங்கி, ஒரு வாய் ருசித்துவிட்டு ஒதுக்கி வைத்தவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு 5 டாலர் கேட்பதை நான் எதிர்க்க மாட்டேன்.

நான் எதிர்ப்பது வேறொன்றை. பயணத்தின் முதல் மாலை, பிரதான உணவுக்கூடத்தில் மெனுவை விரிக்கும்போதே, புன்னகையோடு ஓர் ஊழியர் மேசைக்கு வந்து கட்டண உணவகங்களின் தொகுப்புச் சீட்டை விற்கத் தொடங்குகிறார். இன்று வாங்கினால் தள்ளுபடி, நாளை இடம் கிடைக்காமல் போகலாம், அங்கே ஸ்டீக் உண்மையான ஸ்டீக்காக இருக்கும் என்று அடுக்குகிறார். தாங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தின் சாப்பாடு இரண்டாந்தரம் என்று நிறுவனமே ஒத்துக்கொள்வதைப் பசியோடு உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. மெனு சுருங்கியதைப் பொறுத்துக்கொள்ளும் பயணிகள்கூட இதைத்தான் கசப்போடு நினைவில் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பிறகு வரும் சூப் நன்றாகவே இருந்தாலும், "முன்பெல்லாம்..." என்று யாராவது தொடங்கத்தான் செய்வார்கள். விற்க வந்த ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் இலக்கு வைத்திருப்பார்கள். நான் முதல் மாலை எதையும் வாங்குவதில்லை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் கட்டண உணவகங்களில் கூட்டம் குறைவு; அன்று மதியம் போய்க் கேட்டால் பெரும்பாலும் இடம் இருக்கும், சில நேரம் விலையும் இறங்கியிருக்கும். நீண்ட பயணமானால் அப்படி ஓர் இரவு அங்கே ஸ்டீக், மற்ற இரவுகளில் பிரதான உணவுக்கூடத்தில் சூப்பும் ரொட்டியும் மெதுவாக வெந்த இறைச்சியும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.